கவுண்ட் நூறில் ஒரு கஷாயம்

சென்ற இதழில் வந்த ‘எதிர்ப்பு சக்தி’ கட்டுரையை நான் இதழில் படிக்கவில்லை. எங்கள் வார்டில், ஒரு நோயாளியின் தலையணைக்கு அடியில் இருந்ததை எடுத்துப் படித்தேன். கத்தரித்து, நான்காக மடித்து, சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். நிணநீர்ப் புற்றுநோய்க்கு மூன்றாவது சுற்று கீமோ ஏற்றிக்கொள்ள வந்திருந்த பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். காய்ச்சல் உடம்பின் நண்பன், அதை மருந்தால் அடக்கக் கூடாது, மூன்று நாள் பட்டினி கிடந்து கஷாயம் குடித்துத் தானாகத் தணிய விட வேண்டும் என்று கட்டுரையாளர் உபதேசிக்கும் பத்தியில்தான் அந்தக் கோடு இருந்தது.

அந்தப் பத்தியின்படி நடந்தால் அந்தப் பெண் மூன்றாவது நாளைப் பார்ப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. இந்த எதிர்வினையை எழுத எனக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

கட்டுரையாளர் நல்ல தமிழ் எழுதுகிறார். ஆபத்தே அங்குதான். கரடுமுரடாக எழுதிய தவறு பாதி வழியில் நின்றுவிடும். நயமாக எழுதிய தவறு தலையணைக்கு அடி வரை போய்விடுகிறது. நயத்தைக் களைந்துவிட்டுப் பார்த்தால் அவர் சொல்வது ஐந்து விஷயம். தவறாக வாழ்கிறவர்களுக்குத்தான் எதிர்ப்பு சக்தி குறைகிறது. கிருமி நகரத்து அழுக்கிலிருந்து வருகிறது, மண்ணோடு வாழ்கிறவனைத் தொடாது. காய்ச்சலை விட்டுப்பிடிக்க வேண்டும். பலவீனமான உடம்பில் தடுப்பூசி போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. ஆன்டிபயாட்டிக் என்பது சக்தியை உறிஞ்சும் விஷம். ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன் இந்த ஐந்துக்கும் அடித்தளமாக இருக்கும் சொல்லைப் பார்க்க வேண்டும்.

*

தமிழில் நாம் செய்துவிட்ட ஒரு பிழையில்தான் கட்டுரையாளர் குடித்தனம் நடத்துகிறார். உடம்பின் காவல் ஏற்பாடு முழுவதற்கும் ‘எதிர்ப்பு சக்தி’ என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம். சக்தி என்றதும், அது ஏறும், இறங்கும், தீர்ந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்று மனம் போகிறது; செல்போனுக்குச் சார்ஜ் போடுகிற மாதிரி. பிஸ்கட் முதல் சத்துமாவு வரை விற்கிறவர்கள் எல்லோரும் இந்தச் சொல்லை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். கட்டுரை முழுக்க நிறுவனங்களைத் திட்டுகிற நம் கட்டுரையாளர், அந்த நிறுவனங்களின் விளம்பரச் சொல்லை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் வாங்கிக்கொண்டிருக்கிறார். பிஸ்கட் இருந்த இடத்தில் கஷாயத்தை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

எந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேண்டுமானாலும் போய், ‘என் எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். திருதிருவென்று விழிப்பார்கள். அப்படி ஓர் அளவு கிடையாது. எண்ணக்கூடியவை தனித்தனியாக இருக்கின்றன. தோலும் குடலின் உட்சுவரும் மதில். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் பாக்டீரியாவைக் கண்ட இடத்தில் விழுங்குகிறவை. எதிர்ப்பொருள்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, ‘இவன்தான்’ என்று அடையாளம் காட்டுகிறவை. மண்ணீரல், ரத்தத்தைச் சல்லடை போல் சலித்து, அடையாளம் போட்ட கிருமியைப் பிடித்து வைப்பது. டி அணுக்கள், செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் கிருமிகளைத் தேடி வேட்டையாட ஏவுபவை. காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம், சில கிருமிகளின் உறையில் துளை போட்டுக் கொல்வது.

இவர்களில் ஒருவர் வேலைக்கு வராவிட்டால் அந்த வேலையை முழுதாகச் செய்ய இன்னொருவரால் ஆகாது. நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் ஈ.கோலி, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் புகும். மண்ணீரல் இல்லாத உடம்பில் நியூமோகாக்கஸ் புகும். டி அணுக்கள் தேய்ந்த உடம்பில் காசநோய், சால்மோனெல்லா, லிஸ்டீரியா. காம்ப்ளிமென்டின் கடைசிக் கண்ணிகள் இல்லாதவருக்கு மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ். கதவு உடைந்த இடத்தைப் பொறுத்துத் திருடன் மாறுகிறான். ஆகவே, ‘சக்தி குறைந்தவர்’ என்று பொதுவாக ஒருவர் இல்லை. எது இல்லை, எத்தனை நாளாக இல்லை என்பதுதான் கேள்வி. கட்டுரையாளரின் எட்டுப் பக்கங்களில் இந்தக் கேள்வி ஓர் இடத்தில்கூட வரவில்லை.

*

தவறாக வாழ்கிறவர்களுக்குத்தான் வரும் என்ற முதல் வாதத்துக்கு 1952ஆம் ஆண்டே பதில் சொல்லிவிட்டது.

அந்த ஆண்டு அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். எட்டு வயது. நியூமோகாக்கஸ் கிருமி மீண்டும் மீண்டும் அவன் ரத்தத்தில் புகுந்துகொண்டே இருந்தது. அவன் ரத்தத்தின் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, எதிர்ப்பொருள்கள் இருக்க வேண்டிய காமா குளோபுலின் பகுதியே காணவில்லை. பிறவியிலேயே அதை உண்டாக்கும் திறன் இல்லை. பிறரிடமிருந்து எடுத்த காமா குளோபுலினை மாதாமாதம் ஊசியாகப் போட்டார், தொற்றுகள் நின்றன. அந்தப் பையன் என்ன தவறாக வாழ்ந்தான்? மைதா தின்றானா, இரவு கண்விழித்தானா? அவனுக்கு எந்தக் கஷாயத்தை எத்தனை குடம் கொடுத்திருந்தால் இல்லாத எதிர்ப்பொருள் முளைத்திருக்கும்?

அதே 1952இல் கிங், ஷூமேக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள், ரத்த நோய் ஒன்றுக்காக மண்ணீரல் அகற்றப்பட்ட 5 கைக்குழந்தைகள் அதன் பிறகு கடுமையான தொற்றுகளுக்கு ஆளானதைப் பதிவு செய்தார்கள். அதுவரை மண்ணீரல், இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்று என்று கருதப்பட்ட உறுப்பு. அந்த ஐந்து குழந்தைகளின் செலவில்தான் அது என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று உலகம் தெரிந்துகொண்டது. மண்ணீரல் இல்லாதவருக்குக் காலையில் குளிர் ஜுரம் வந்து இரவுக்குள் உயிர் போய்விடுவது இன்றும் நடக்கிறது.

இன்னும் ஒன்று. அதே 1952இல் லேமன், கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாளணு ரத்தப் பண்பு இருப்பதை எழுதினார்கள். அந்தப் பண்பு நோயாகவே வெளிப்படும் குழந்தைகளிடம், அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்கள் மண்ணீரலின் நுண்குழாய்களை அடைத்து, சில ஆண்டுகளிலேயே அதைச் சுருங்கிப்போன தழும்பாக்கிவிடும். அறுவைச் சிகிச்சை இல்லாமலே மண்ணீரலை இழந்த குழந்தைகள் இவர்கள். கட்டுரையாளர் கொண்டாடும் சுத்தமான காற்றும், மலைத் தேனும், கிழங்கும், மூலிகையும் எங்கே குறைவில்லாமல் இருந்ததோ, அங்கே பிறந்தவர்கள். இந்த நோய் உள்ள குழந்தைகளை நியூமோகாக்கஸிடமிருந்து காத்தது எது? 1986இல் அமெரிக்காவில் 215 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், தினம் இரண்டு வேளை பெனிசிலின் மாத்திரை கொடுத்த குழந்தைகளுக்கு நியூமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், வெற்று மாத்திரை தந்துவந்த குழந்தைகளை இனியும் அப்படி விடக் கூடாது என்று ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். விஷம் என்று அவர் எழுதிய அதே ஆன்டிபயாட்டிக்தான்.

நோயாளியைப் பார்த்து ‘நீ சரியாக வாழவில்லை’ என்று சொல்வது மருத்துவம் ஆகாது. பூர்வ ஜென்ம பாவம் என்று முன்பு சொன்னார்கள். இப்போது லைஃப்ஸ்டைல் என்கிறார்கள். பாவம் போய்ப் பட்டியல் வந்திருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மட்டும் மாறவே இல்லை.

*

அந்தப் பென்சில் கோட்டுக்கு வருகிறேன்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்லும். புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. முடியின் வேரும், எலும்பு மஜ்ஜையும், வாயிலிருந்து ஆசனவாய் வரையுள்ள உட்சுவரும் அப்படிப்பட்டவையே. அதனால் மருந்து ஏற்றிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவே இரண்டு காரியங்கள் சேர்ந்தாற்போல் நடக்கின்றன. ஒன்று, குடலின் மதிலில் விரிசல் விழுகிறது. இரண்டு, விரிசலில் காவல் நிற்க வேண்டிய நியூட்ரோஃபில்கள் காணாமல் போகின்றன. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500க்கு மேல் இருக்க வேண்டியவை 500க்குக் கீழே, சிலருக்கு 100க்கும் கீழே இறங்கும். எங்கள் வார்டில் நோயாளிகளும் கூட வந்தவர்களும் காலையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வியே, ‘இன்னிக்கு கவுண்ட் எவ்வளவு?’ என்பதுதான். பள்ளிக்கூட வாசலில் மார்க் கேட்பது போல.

கவுண்ட் எவ்வளவு என்பது சும்மா ஓர் எண் அல்ல என்பதை ஜெரால்ட் போடியும் உடனிருந்தவர்களும் 1966இல் காட்டினார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த 52 பேரின் வெள்ளணு எண்ணிக்கையையும் தொற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை எவ்வளவு கீழே போகிறதோ, எத்தனை நாள் கீழேயே கிடக்கிறதோ, அந்த அளவுக்குத் தொற்று ஏறியது. அறுபது ஆண்டுகளாக உலகத்தின் புற்றுநோய் வார்டுகள் இந்தக் கணக்கின் மேல்தான் நடக்கின்றன.

கவுண்ட் நூறில் இருக்கும் ஒருவருக்குத் தொற்று வந்தால் எப்படித் தெரியும்? சீழ் பிடிக்காது, சீழ் என்பதே செத்த நியூட்ரோஃபில்களின் குவியல்தான். நுரையீரலில் தொற்று இருந்தும் எக்ஸ்ரே பளிச்சென்று இருக்கலாம். வீக்கம், சிவப்பு எதுவும் பெரிதாக இருக்காது. உடம்பு தன் கையில் மிச்சம் வைத்திருக்கும் ஒரே மணி, காய்ச்சல். தெர்மாமீட்டர் ஒருமுறை 101ஐத் தொட்டாலோ, ஒரு மணி நேரம் 100.4இல் நின்றாலோ அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். கிருமி எது என்று கண்டுபிடிக்கும் வரை காத்திருப்பதில்லை. ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கிவிடுவோம். 1971இல் ஷிம்ஃப் குழுவினர் இந்த முறையின் பலனை எழுதும் வரை, பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. சூடோமோனாஸ் ரத்தத்தில் கலந்த நோயாளிகளில் பலர் அந்த முடிவு வரும் முன்பே போய்விட்டார்கள்.

கட்டுரையாளரின் மூன்று நாளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். மூன்று நாளில் எத்தனை இருபது நிமிடம்? 216. தடுக்க ஆளில்லாத ரத்தத்தில் இத்தனை வாய்ப்பை அவர் கிருமிக்குத் தருகிறார். பட்டினி நோயாளிக்கு, விருந்து கிருமிக்கு.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் கீமோ முடிந்து பத்தாம் நாள் காய்ச்சல் கண்ட ஓர் இளைஞரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கை கால் சில்லிட்டிருந்தன. பிரஷர் பார்க்கிற கருவியில் எண்ணே விழவில்லை. ‘எப்போதிருந்து காய்ச்சல்?’ என்று கேட்டேன். அவருடைய அம்மா சொன்னார்: “முந்தாநேத்து ராத்திரியிலேர்ந்து சார். உடம்புல இருக்குற மருந்து விஷம் வெளிய போகுதுன்னு சொன்னாங்க. சோறு குடுக்காம கசாயம் மட்டும் குடுத்தேன். நான் எதுவும் தப்பா குடுக்கல சார்.” அன்று மாலை அந்த இளைஞர் இறந்தார். ‘நான் எதுவும் தப்பா குடுக்கல’ என்று அந்த அம்மா அதன் பிறகும் என்னிடம் மூன்று முறை சொன்னார். அவர் கொடுக்கவில்லைதான். கொடுக்கச் சொன்னவர்கள் யாரும் அன்று வார்டில் இல்லை.

சித்த மருத்துவர்களை இதில் நான் இழுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சித்த மருத்துவர், கீமோ நோயாளி காய்ச்சல் என்று வந்தால் நாடிகூடப் பார்க்காமல் ஆட்டோ பிடித்து எங்களிடம் அனுப்பிவிடுவார். தன் மருந்து எதற்கு, எதற்கில்லை என்று தெரிந்தவர் வைத்தியர். தன் மருந்து எல்லாவற்றுக்கும் என்கிறவர் வியாபாரி.

*

அடுத்தது மண். நகரத்து அழுக்குதான் கிருமி, மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் எதிர்ப்பு சக்தி பெருகும் என்கிறார்.

சற்று முன் சொன்ன இளைஞருக்குக் கிருமி எந்த நகரத்திலிருந்து வந்தது? அவருடைய குடலிலிருந்து. பிறந்த சில நாளிலிருந்து கூடவே வாழ்ந்து, ஒரு தொல்லையும் தராமல் இருந்த கிருமி. மதில் விரிந்ததும் உள்ளே வந்துவிட்டது. அவரை வெண்கொற்றக்குடை பிடித்து இமயமலை உச்சியில் உட்கார வைத்தாலும் இது நடக்கும்.

மண்ணிலிருந்தே வருவதும் உண்டு. 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றிய சி.எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளில் ஒரு புது நோயைக் கண்டார்கள். மறுவருடம் எழுதினார்கள். இன்று அதன் பெயர் மெலியாய்டோசிஸ். கிருமியின் பெயர் பர்கோல்டேரியா சூடோமலை. அது வாழுமிடம் ஈர மண்; குறிப்பாக, நெல் வயலின் சேறு. காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ, மழையோடு காற்றில் எழும் துளியை மூச்சில் இழுப்பதாலோ உள்ளே போகும். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், எலும்பு எங்கு வேண்டுமானாலும் சீழ்க்கட்டியாக உட்காரும். காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் தவறான மருந்து சாப்பிட்டு வருகிறவர்கள் உண்டு. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் ஒரு மதிப்பீடு வெளியானது. வேலூர் உட்பட நம் பகுதி மருத்துவமனைகளிலிருந்தும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்.

இந்த நோய் வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு, அளவு மீறிய குடி, தலசீமியா ஆகியவை மற்ற காரணங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது நியூட்ரோஃபில்கள் எண்ணிக்கையில் இருந்தும் வேலையில் இருப்பதில்லை. மந்தமாக நகரும், சரியாக விழுங்காது. கூடவே காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், முள் குத்தியதே தெரியாது. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் கட்டுரையாளர், ‘செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்குங்கள்’ என்கிறார். ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம், சர்க்கரை நோயாளிகள் காலணியும் கையுறையும் இல்லாமல் ஈர மண்ணைத் தொட வேண்டாம் என்று அரசு எச்சரிக்கை விடுகிறது. நம் ஊரில் அந்த எச்சரிக்கைக்குப் பதிலாகக் கவிதை வருகிறது.

வயலில் இறங்கித்தான் ஆக வேண்டிய விவசாயிக்குத் தேவை ஒரு ஜோடி கம்பூட்டும், கட்டுக்குள் இருக்கும் சுகரும். மண்ணின் மகிமை பற்றிய வகுப்பு அவருக்குத் தேவையில்லை. அவருக்கு மண்ணை நம்மைவிடத் தெரியும்.

*

தடுப்பூசி வாதத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியை எடுத்து அவர் குளம் வெட்டியிருக்கிறார். எதிர்ப்பு அணுக்கள் கடுமையாகக் குறைந்தவருக்கு உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசிகளைப் போடக் கூடாது. பி.சி.ஜி., தட்டம்மை ஊசி, வாய்வழி போலியோ சொட்டு ஆகியவை அந்த வகை. இதைக் கண்டுபிடித்ததும் மருத்துவர்களே, எழுதி வைத்ததும் மருத்துவர்களே. நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி கிடையாது. பெரும்பாலும் கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலிதான் இருக்கிறது. பலவற்றில் அதை ஒரு புரதத்தோடு இணைத்திருக்கிறார்கள். அதனால் நோய் வர வழியே இல்லை. மண்ணீரலை எடுக்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால், இரண்டு வாரம் முன்னதாகவே இவற்றைப் போட்டுவிட வேண்டும். உறுப்பு இருக்கும்போதே அதற்குப் பாடம் நடத்திவிடுகிற ஏற்பாடு. ‘பலவீனமானவர்களுக்குத் தடுப்பூசி கூடாது’ என்று அவர் மொத்தமாக எழுதிய வாக்கியம், யாருக்கு இது மிக அவசியமோ அவர்கள் கையிலிருந்து அதைத் தட்டிவிடுகிறது.

ஆன்டிபயாட்டிக் பற்றி அவர் கோபப்படுவதில் நானும் கூட நிற்பேன். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் அதைக் கொடுத்துக் கொடுத்து நாம் கெட்டது போதும். 2010இல், கிருமியை மருந்துக்கு அடங்காததாக்கும் என்.டி.எம்.-1 மரபணுவைப் பற்றி உலகை உலுக்கிய கட்டுரையில் சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளும் இருந்தன. 2012இல் இதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று குரல் கொடுத்த பிரகடனத்துக்கும் சென்னையின் பெயர்தான். ஆக, பிரச்சினை இருக்கிறது. ஆனால் ஒரு மருந்து ஊதாரித்தனமாகச் செலவாகிறது என்பதற்காக, அது இல்லாவிட்டால் மாலைக்குள் சாகக்கூடியவரிடமிருந்து அதைப் பிடுங்குவது என்ன நியாயம்? கல்யாண வீட்டில் சோறு வீணாகிறது என்று பசித்தவன் இலையை எடுக்கிற கதை.

எங்களைத் திட்டுவது என்று முடிவு செய்துவிட்டால் ஒழுங்காகத் திட்டக் கற்றுக்கொள்ளட்டும். நானே எடுத்துத் தருகிறேன். சிறுநீர்க் குழாயைத் தேவை முடிந்த பிறகும் மறந்து விட்டுவிடுகிறோம்; அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. கழுத்து நரம்பில் போட்ட லைனைக் கையாளும்போது அவசரத்தில் கை கழுவாதவர்கள் எங்களில் இருக்கிறார்கள். மண்ணீரலை எடுத்துவிட்டு, அது இல்லை என்று நோயாளியிடம் ஓர் அட்டைகூட எழுதித் தராமல் வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இவை எல்லாம் தொற்றுக்கான அசல் காரணங்கள், ஒவ்வொன்றும் எங்கள் கையில் உள்ளவை. இவற்றில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை. எழுத வேண்டுமென்றால் ஒரு வார்டுக்குள் நடந்து வந்து பார்த்திருக்க வேண்டும்.

*

அவர் சொன்னதில் முழுக்கச் சரியானது ஒன்று உண்டு: உணவு. அதைக்கூட அவர் தொட்டதும் தங்கம் பித்தளையாகிவிட்டது. ஏழை நாடுகளில் எதிர்ப்பு அணுக்களை அதிகம் பேரிடம் பலவீனமாக்குவது பட்டினிதான். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், வீட்டில் இருந்த ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அரிசி, பருப்பு. அவர் பட்டியலில் உள்ள கருஞ்சீரகமும் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும் மலைத் தேனும் அங்கே போகவில்லை. உணவுதான் மருந்து என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே காய்ச்சல்காரனைப் பட்டினி போடச் சொல்கிறவருக்கு இந்த அரிசிக் கணக்கு பிடிபடாது.

அவர் பரிந்துரைக்கும் காய்ச்சாத பசும்பாலும் இதில் சேரும். டி அணுக்கள் குறைந்தவருக்கும், கர்ப்பிணிக்கும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவருக்கும் காய்ச்சாத பால் லிஸ்டீரியா வரும் வழிகளில் ஒன்று. அது குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயும் பெருகும் கிருமி. நம் பாட்டிகள் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினார்களே, அவர்களுக்கு இயற்கை தெரியாதா?

பிறகு, மூட்டுவலிப் பொடிகள். இயற்கை மருந்து என்ற பெயரில் விற்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலப்படம் பிடிபட்டிருக்கிறது. வலி மாயம் போல் பறக்கும், முகம் உப்பும், பசி எடுக்கும், சக்தி கூடிவிட்டதாகத் தோன்றும். உள்ளே டி அணுக்களின் வேலை படுத்துவிடும். எங்கோ தூங்கிக்கொண்டிருந்த காசநோய் எழும். காய்ச்சலையே ஸ்டீராய்டு அமுக்கிவிடுவதால், நோய் முற்றித்தான் தெரியவரும். பல ஆண்டு ‘இயற்கையாக’ வாழ்ந்தவர்களின் எதிர்ப்பு அணுக்களை இப்படித் தோற்கடித்த பொடிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

கடைசியாக, தாத்தா. நம் தாத்தாக்களுக்கு இதெல்லாம் வந்ததா என்று கேட்டுக் கட்டுரையை முடிக்கிறார். கை தட்டல் வாங்கும் கேள்விதான். பதில் இதோ. உங்கள் தாத்தா காலத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்குக் கவுண்ட் குறையும் பிரச்சினை வரவில்லை. அதற்கு முன்பே குழந்தை செத்துவிட்டது. சிறுநீரகம் மாற்றியவருக்குத் தொற்று வரவில்லை. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றமே வேலூரில் 1971இல்தான் நடந்தது, அதற்கு முன் சிறுநீரகம் கெட்டவர் பாயில் கிடந்து போய்ச் சேர்ந்தார். எட்டு மாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் முழுதாகக் கிடைக்கவில்லையே என்று யாரும் கவலைப்படவில்லை. அதைப் பாதுகாத்து வளர்க்கும் வசதி யாரிடமும் இல்லை. எதிர்ப்பு குறைந்தவர்கள் என்று இன்று நாம் சொல்லும் இந்த மக்கள், முன்பிருந்த காலம் உயிரோடு விட்டுவைக்காதவர்கள். தாத்தா வீட்டுத் திண்ணையில் அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறார். அவர்கள் ஏன் அங்கே இல்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தலையணைக்கு அடியில் இருந்த அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. அது அந்தப் பெண்ணின் நம்பிக்கை. பிடுங்கினால் வேறு தாளைத் தேடுவார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் 100.4 என்று எழுதி, கீழே வார்டின் தொலைபேசி எண்ணை எழுதி, ‘இரவு மணி இரண்டானாலும் கூப்பிடுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் திருப்பிப் படித்துவிட்டு, “அப்ப இந்தப் பக்கம் இருக்கறது, சார்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கட்டுரையாளருக்கே அனுப்பி வைக்கிறேன். அடுத்த இதழில் அவர் நீண்ட பதில் எழுத வேண்டாம். கீமோ ஏற்றிக்கொள்கிறவர், மண்ணீரல் இல்லாதவர், உறுப்பு மாற்றம் செய்தவர், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், எச்.ஐ.வி. உள்ளவர், சர்க்கரை கட்டுக்கடங்காதவர் இவர்களுக்குத் தன் கட்டுரை பொருந்தாது என்று ஒரு வரி எழுதினால் போதும். அதைக் கத்தரித்து அந்தப் பெண்ணிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அடுத்த சுற்று கீமோவுக்கு மூன்று வாரம் இருக்கிறது.